ரா படம் திருத்த எந்த மென்பொருள்? ஒரு கல்யாண போட்டோகிராபரின் யோசனை

“எந்த சாஃப்ட்வேர்ண்ணே வாங்கலாம்?” என்று புதிதாக ஸ்டூடியோ போடும் தம்பிகள் கேட்பார்கள். உன்னைப் பாடாய்ப் படுத்திய ரா படம் (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) மூன்றை எடுத்து வை என்பேன். வாங்க நினைக்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் அந்த மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். காசுக்கு விற்பவையும் சில நாள் சும்மா பயன்படுத்தத் தருகின்றன. யூடியூபில் காட்டும் மலையும் ஏரியும் எதில் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும்.

என் மூன்றில் முதலாவது, முகூர்த்தப் புடவை. அரக்குச் சிவப்புப் பட்டு, அகலச் சரிகை, மேலே வீடியோக்காரரின் விளக்கு. கேமரா தரும் ஜேபெக்கில் மடிப்பெல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாக நிற்கும். கான்ட்ராஸ்டை ஏற்றி, நிறத்தைக் கூட்டி, எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்கான பொது நிற எல்லைக்குள் அடக்கும்போது சிவப்பு போய் முட்டிக்கொள்கிறது. ரா ஃபைலில் பெரும்பாலும் அந்த மடிப்பு பத்திரமாக இருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால், 14 பிட் ராவில் 16,384.

டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் படத்துக்குக் கீழே ஒரு சின்ன பட்டன் உண்டு. வெளிச்சம் மிகுந்து சென்சாரிலேயே வெடித்துப்போன இடங்களை மட்டும் அது அடையாளம் காட்டும். அது காட்டாத இடத்தில் மடிப்பு தெரியவில்லை என்றால், படத்தில் குறையில்லை; நாம் வைத்திருக்கும் செட்டிங்கில்தான் குறை. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) இறக்குங்கள், சிவப்பின் செறிவை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். மடிப்பு திரும்புகிறதா? சரிகை பொன்னாகவே இருக்கிறதா, வெளுக்கிறதா? மணப்பெண்ணின் முகம் சாம்பல் பூத்துவிடாமல் நிற்கிறதா? இந்த ஒரு படத்திலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

மற்ற இரண்டும் எல்லாரிடமும் இருக்கும்: ரிசப்ஷன் மேடையின் ஊதா எல்இடி அடித்த முகம் ஒன்று, இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்தது ஒன்று.

முதலில் திறந்ததும் படம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கேமராவில் நீங்கள் வைத்த பிக்சர் ஸ்டைலை (நிறம், கான்ட்ராஸ்ட் அமைப்பை) முழுதாக மதிப்பது அந்தந்த கம்பெனியின் சொந்த மென்பொருள்தான். கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். மூன்றும் இலவசம், நிறமும் கேமராத் திரையில் பார்த்தது போலவே வரும். ஆனால் ஒரு கல்யாணத்தின் ஆயிரக்கணக்கான படங்களை அதில் தள்ளிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ராதெரபி என்ற இன்னொரு இலவச மென்பொருளில் கேமராவின் ஜேபெக்கைப் பார்த்து அதே டோனுக்குத் தானாகக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு அது நல்ல கைப்பிடி.

வேகத்துக்கு அடோபியின் லைட்ரூம் கிளாசிக்தான். வேண்டாத படங்களைக் கழிப்பது, ஒரு படத்தில் செய்ததை நூறு படத்துக்கு ஏற்றுவது, ஆட்களைத் தனியாகத் தேர்ந்து திருத்துவது எல்லாம் மளமளவென்று நடக்கும். ஒருமுறை காசு கட்டி வாங்கும் லைட்ரூம் 2015-ல் வந்த 6-ஆம் பதிப்போடு முடிந்துவிட்டது. இப்போது சந்தா மட்டும்தான். சந்தா நின்றால் கேட்டலாக் (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் ஃபைல்) திறக்கும், ஏற்றுமதியும் செய்யலாம், ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ போட்டோலேப் இரண்டையும் இன்னும் ஒரேயடியாக வாங்க முடியும். முகத்தின் தோல் நிறத்துக்கு எனக்குப் பிடித்தது முன்னது. அந்த இருட்டு மண்டபத்துப் படத்தின் நாய்ஸுக்கு (பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகளுக்கு) பின்னது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்த நாய்ஸ் நீக்கும் வேலை ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் இழுக்கும், அதையும் உங்கள் கணினியிலேயே பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்தில் யாரும் பேசாத ஒன்று, நீங்கள் செய்த திருத்தம் எங்கே போய் உட்காருகிறது என்பது. பெரும்பாலான மென்பொருள்கள் ரா ஃபைலைத் தொடாது. திருத்தத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளும். டார்க்டேபிள் படத்தின் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி ஃபைல் வைக்கும், ராதெரபி பிபி3 ஃபைல் வைக்கும். லைட்ரூம் எல்லாவற்றையும் கேட்டலாக்கில் வைக்கும். எக்ஸ்எம்பியும் எழுதச் சொல்ல செட்டிங்கில் ஒரு டிக் போட வேண்டும். பேக்கப் எடுக்கும்போது இவற்றையும் சேர்த்து எடுங்கள். ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றில் அப்படியே வராது. ஆகவே மாறினால் பழைய ஆல்பங்களை அந்தந்த மென்பொருளிலிருந்தே 16 பிட் டிஃப்பாக (தரம் குறையாத பட ஃபைலாக) எடுத்துவைப்பது உத்தமம், ஹார்ட் டிஸ்க் கொஞ்சம் அழும்.

கேமரா புதிது என்றால், மாடல் பெயரோடு எந்த கம்ப்ரஷனில் எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நிக்கான் இசட்8, இசட்9 இரண்டிலும் உள்ள ஹை எஃபிஷியன்சி ராவை டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்கள் நெடுநாள் திறக்கவில்லை. பழைய லைட்ரூம் புதிய கேமராவை ஏற்காவிட்டால், அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு ஆர்டர் வரும் தம்பிக்கு நான் சொல்வது: கம்பெனி மென்பொருளும் ராதெரபியும் போதும். சீசனில் வேலை குவிந்து ஆல்பம் கொடுக்கத் தாமதமாகும்போது லைட்ரூமுக்குச் சந்தா கட்டு, அதையும் வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் செலவாகச் சேர்த்துக்கொள்.