இரைப்பை ஸ்லைடை மைக்ரோஸ்கோப்ல கண்டுபிடிக்கிறது எப்படி?

ஃபர்ஸ்ட் இயர் ஸ்பாட்டர்ல (ஸ்லைட பாத்து என்னன்னு பேர் எழுதுற டெஸ்ட்) இரைப்பைய பாத்துட்டு பெருங்குடல்னு எழுதி மார்க்க கோட்டை விட்டவன் நான், நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

ஸ்லைட வைக்கும்போதே கவர் ஸ்லிப் மேல் பக்கம் இருக்கான்னு பாருங்க, தலைகீழா வச்சா 40 எக்ஸ்ல எவ்வளவு திருகினாலும் ஃபோகஸ் ஆகாது. மொதல்ல 4 எக்ஸ் போதும், எடுத்த எடுப்புல 40க்கு போறவங்கதான் வழி தெரியாம முழிக்கிறாங்க. ஊதாவா அடர்த்தியா இருக்குறது மியூகோசா, அதாவது சாப்பாடு படுற உள்பக்கம். அதுக்கு அடுத்து வெளிறிப்போய் ரத்தக்குழாயோட இருக்குறது சப்மியூகோசா, அப்புறம் ரோஸ் கலர்ல தடியா தசை, கடைசில மெல்லிசா வெளி உறை, சீரோசா. தசை மூணு அடுக்குன்னு புக்ல போட்டிருக்கும் (சாய்வா, வட்டமா, நீளவாக்குல), ஸ்லைடுல அப்படி பளிச்னு பிரிஞ்சு தெரியும்னு எதிர்பாக்காதீங்க.

இப்ப 10 எக்ஸ். மியூகோசா ஓரத்துல புனல் மாதிரி குழிகள் இறங்கும், அதான் கேஸ்ட்ரிக் பிட், அதோட அடிலதான் சுரப்பிகள் வந்து திறக்குது. குழி சின்னதா சுரப்பி நீளமா இருந்தா ஃபண்டஸ் (இரைப்பையோட மேல் பகுதி) இல்ல பாடி (நடுப் பகுதி), குழியே ஆழமா போச்சுன்னா பைலோரஸ் (சிறுகுடல் பக்கம் இருக்குற கடைசிப் பகுதி).

40 எக்ஸ்லதான் ருசியே இருக்கு. ஃபண்டஸ் சுரப்பில நல்ல ரோஸ் கலர்ல, நடுவுல உருண்டை நியூக்ளியஸோட ஆஃப்பாயில் மாதிரி செல்கள் தெரியும், பரைட்டல் செல், ஆசிட் சுரக்குறது இதான், பி12 உடம்புல சேர வேண்டிய இன்ட்ரின்சிக் ஃபேக்டரும் இதுலேருந்துதான் வருது, ஆசிட்ட பம்ப் பண்ற எனர்ஜிக்காக மைட்டோகாண்ட்ரியா எக்கச்சக்கமா அடைச்சு வச்சிருக்கும், அந்த ரோஸ் கலருக்கு அதுவும் ஒரு காரணம். சுரப்பியோட அடில ஊதாவா கூட்டமா நிக்கிறது சீஃப் செல், பெப்சினோஜன் (புரதத்த செரிக்கிற பெப்சினோட முன்வடிவம்) தர்றது. ரோஸும் ஊதாவும் இப்படி பக்கத்துல பக்கத்துல கண்ல பட்டாலே பாதி கிணறு தாண்டியாச்சு.

நான் சறுக்குன இடம் கோப்லெட் செல், அதாவது சளி சுரக்குற செல். வில்லி (சினிமா வில்லி இல்லீங்க, சிறுகுடல்ல விரல் மாதிரி நீட்டிட்டு இருக்குமே அது) இரைப்பைலயும் கிடையாது, பெருங்குடல்லயும் கிடையாது, அத மட்டும் வச்சு முடிவு பண்ணா நான் எழுதுன மாதிரிதான் எழுதுவீங்க. பெருங்குடல் சுரப்பில வெளிறின குமிழி மாதிரி கோப்லெட் செல் வரிசையா நிக்கும், ஆரோக்கியமான இரைப்பைல ஒண்ணுகூட இருக்காது.

ரெக்கார்ட்ல வரையும்போது பரைட்டல் செல்ல சுரப்பியோட மேல் பாதில கொஞ்சம் நெருக்கமா போடுங்க, சீஃப் செல்லுக்கு ஊதா பென்சில நல்லா அழுத்தி தேய்ங்க.