குடித்துவிட்டு வண்டி ஓட்டி அடிபட்டவரிடம் பேசும்போது எங்கே தவறுகிறோம்?

கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. சரக்கு விலை குறைவு என்று சாயங்காலம் பைக்கில் போய்க் குடித்துவிட்டு, அதே பைக்கில் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலர் அடிபட்டு வார்டுக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் முறையாகப் பேசினால் பலன் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் காயத்தோடு வந்தவர்களிடம் ஒரே முறை அரைமணி நேரம் பேசி, ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் அனுப்பினார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அவர்கள் குடி குறைந்திருந்ததை 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் வார்டுகளில் பெரும்பாலும் நடப்பது திட்டுதான். "பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாத்தியா?" என்று அவர் மனைவி முன்னாலேயே கேட்கிறோம். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே தொடமாட்டேன் சிஸ்டர்" என்கிறார். அந்தப் பேச்சை முடிப்பதற்காகச் சொல்லும் பதில் அது. அதை நம்பி எழுந்து வந்துவிடுகிறோம். போதை தெளியாதவரிடம் பேசுவதும் வீண். தெளிந்த பிறகு, தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

"அண்ணே, அன்னைக்கு எவ்ளோ சாப்ட்டீங்க?"

"ஒரு கட்டிங்தான் சிஸ்டர். ஸ்டெடியாத்தான் ஓட்டிட்டு வந்தேன்."

இங்கே மறுத்துப் பேசத்தான் வாய் வரும். வேண்டாம். "எப்பவும் ஓட்டுற ரோடுதானே, அன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "எதிர்ல லைட்டு அடிச்சது, பிரேக் புடிக்கறதுக்குள்ள..." என்று அவரே ஆரம்பிப்பார். நாம் பத்து முறை சொல்வதைவிட அவர் வாயால் வரும் அந்த அரை வாக்கியம் அவரிடம் வேலை செய்யும்.

அதன்பின், "ஒரு கணக்குச் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுச் சொல்லலாம். கட்டிங் என்பது 90 மி.லி.; அதில் ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஆக, ஒரு கட்டிங்குக்கு மூன்று, நான்கு மணி நேரம். குவார்ட்டருக்கு இரண்டு மடங்கு. ராத்திரி பதினொரு மணிக்குக் குவார்ட்டர் அடித்தவர் விடியற்காலை ஐந்துக்கு வேலைக்குக் கிளம்பினால், முழுக்கத் தெளிந்திருக்க மாட்டார். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது.

அபராதத்தில் பேச்சைத் தொடங்காதீர்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தெரிய வேண்டிய விஷயம்தான். ஆனால் அதை முன்னால் வைத்தால், செக்கிங் இல்லாத சந்து எது என்றுதான் அவர் மனம் போகும்.

என் பார்வையில் ஆகப் பெரிய தவறு, குடியை விடுவதைப் பற்றி மட்டுமே பேசுவது. குடியை விட இன்று தயாராக இல்லாதவர், குடித்த அன்று வண்டியைத் தொடாமலிருக்கத் தயாராக இருக்கலாம். "குடிச்ச அன்னைக்கு வண்டி எடுக்காம இருக்க, பத்துக்கு எவ்வளவு தயார்?" என்று கேளுங்கள். "நாலு" என்றால், "ஏன் ரெண்டுன்னு சொல்லல?" என்று கேளுங்கள், மாற நினைப்பதற்கான காரணங்களை அவரே அடுக்குவார். "ஏன் எட்டு இல்ல?" என்று கேட்டால் சாக்குகள்தான் வரும். பிறகு திட்டம்: வண்டியை வீட்டிலேயே விட்டு பஸ்ஸில் போவதா, குடிக்காத நண்பர் யார், சாவி யாரிடம்? முதல் கிளாஸுக்கு முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும். உள்ளே போன பிறகு, "நான் ஓட்டிடுவேன்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

எல்லோருக்கும் இந்தப் பேச்சே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. சியாட்டிலிலும் அதிகப் பலன் கண்டவர்கள் குடிக்கு இன்னும் அடிமையாகாதவர்களே. காலையில் கை நடுக்கம், குடித்தால்தான் நிற்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அப்படிப்பட்டவரிடம் "இன்னையோட நிறுத்து" என்பது ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து அவரை ஒரு தடவை போனில் கூப்பிடுங்கள். குடித்துவிட்டு வண்டி எடுத்துவிட்டேன் என்று சொன்னால் கோபப்படாமல், எடுக்காத நாட்களில் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று கேளுங்கள்.