சனிக்கிழமை ராத்திரி, அரை மில்லி ஊசி

திருப்பூரில் எக்ஸ்போர்ட் பண்ணும் பனியன் கம்பெனிகளில் ஒரு ஊசி உடைந்தால் உடனே புது ஊசி தர மாட்டார்கள். உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கி, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, எந்த மெஷின், எத்தனை மணி என்று எழுதிய பிறகுதான் அடுத்த ஊசி. முனை ஒன்று காணவில்லை என்றால் அந்தக் கட்டு முழுக்க மெட்டல் டிடெக்டருக்குப் போகும். பதினெட்டு வருஷமாக அந்த ரெஜிஸ்டர் என் கையில்தான் இருக்கிறது. நான் லைன் மெக்கானிக். அப்படிப்பட்ட நானே, முடி முளைக்கத் தலைத்தோலில் உருட்டுகிற, 540 ஊசி என்று டப்பாவில் போட்டிருந்த ஒரு ரோலரை வாங்கி வந்த ராத்திரியே, பிரித்த கையோடு தலையில் உருட்டினேன்.

இரண்டு வருஷம் முன்பு நடந்தது. இப்போது இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். வயது இருபத்து நான்கு, நெற்றியில் இரண்டு பக்கமும் முடி ஏறிவிட்டது. போன வாரம் ஒரு டெர்மா ரோலரோடு வந்து, "மாமா, உங்களுக்குக் கொஞ்சம் முளைச்சிருக்குதுல்ல, எப்படித் தேய்க்கறதுன்னு சொல்லுங்க" என்றான். வாங்கி ஊசியின் நீளத்தைப் பார்த்தேன். ஒன்றரை மில்லி. நான் பண்ணிய அதே தப்பு.

அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்றால், 2013-ல் மும்பை தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு. 100 ஆண்கள், 12 வாரம். பாதிப் பேர் முடி வளரத் தலையில் தடவும் மருந்தான 5 சதவீத மினாக்ஸிடில் மட்டும் போட்டார்கள். மீதிப் பேருக்கு மினாக்ஸிடிலோடு வாரம் ஒரு தடவை ஒன்றரை மில்லி ரோலர். கடைசியில் குறித்து வைத்த இடத்தில் எண்ணிப் பார்த்தபோது, மருந்து மட்டும் போட்டவர்களுக்குச் சராசரியாக 22 முடி கூடியிருந்தது. ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 91. இதைக் கேட்டால் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அங்கே உருட்டியது டாக்டர்கள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நாமே பண்ணும்போது அரை மில்லிக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தோல் டாக்டரிடம் போய்ப் பண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான் என்ன பண்ணினேன் என்று சொல்லிவிடுகிறேன். ரோடு ரோலர் மாதிரி அழுத்தி முன்னும் பின்னும் ஓட்டினேன். ரத்தம் புள்ளி புள்ளியாக வந்ததும், வேலை செய்கிறது என்று சந்தோஷம் வேறு. அதன் மேலேயே மினாக்ஸிடிலை ஊற்றினேன். தலை தீயாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அந்த மருந்து முதலில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. தோலில் ஓட்டை இருந்தால் அது நேராக ரத்தத்துக்குள் இறங்கும். மூன்றாம் நாள் உச்சந்தலையில் சீழ் கட்டிய பருக்கள். பின்னல் துணியில் ஊசி ஓட்டையும் இப்படித்தான்: தைக்கும்போது தெரியாது, ஒரு தண்ணி பார்த்ததும் வாய் பிளக்கும்.

பார்த்த டாக்டர் திட்டவில்லை. "ஊசி குத்தினதுக்கா முடி வருது? குத்தின இடத்தை உடம்பு ஆத்துது பாருங்க, அப்பத்தான் வேருக்கு வேண்டியது சுரக்குது. நீங்க ஆறவே விடலீன்னா?" என்றார். இரண்டு மாசம் ரோலரைத் தொடாமல் இருந்தேன்.

சரி, யார் தொடலாம்? நெற்றியோரமும் உச்சியும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சன்னமாகி வருகிறவர்கள். பூனை முடி மாதிரியாவது அங்கே இருக்க வேண்டும். பளபளவென்று வழுக்கை ஆகிவிட்ட இடத்தில் உருட்டுவது வீண் வேலை. காசு அளவுக்கு வட்டமாகக் கொட்டினால் அது வேறு நோய், டாக்டரிடம் போக வேண்டும். டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாசம் கழித்து கொத்துக் கொத்தாக வருகிறதா, பிரசவத்துக்குப் பிறகு கொட்டுகிறதா, பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். என் வீட்டுக்காரிக்கு அப்படித்தான் வந்தது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் மினாக்ஸிடில் பக்கமே போக வேண்டாம். பெண்களுக்குப் பொதுவாக ரத்தசோகையையும் தைராய்டையும் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. சொரியாசிஸ், வெண்புள்ளி, தலையில் புண், படை, கெட்டிப் பொடுகு, அடிபட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்பு, கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசி வேண்டாம்.

எங்கள் பக்கம் எல்லாப் பழியையும் சப்பைத் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி, மேல் போடுவார்கள். போர்த் தண்ணியில் குளித்தால் முடி முரடாகும், உடையும், அது வாஸ்தவம். ஆனால் அக்கா மகன் நெற்றியில் ஏறியிருப்பது அவன் அப்பாருக்கு ஏறிய அதே கோடு. ஆத்துத் தண்ணியில் குளித்தாலும் ஏறியிருக்கும். தைப்பூசத்துக்குப் பழனி நடந்து மொட்டை போட்டுவிட்டு வந்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் கண்ணுக்குத் தெரியும் மாயம்தான். வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது. மொட்டை போட்டால் சவரக் கத்திக் கீறல் எல்லாம் ஆறும்வரை, ஒரு வாரமாவது, ரோலரை எடுக்காதீர்கள்.

இனி ஊசிக்கு வருவோம், எனக்குத் தெரிந்த சங்கதி அதுதான். உறை பிரிக்காத புது ரோலர், 0.5 மில்லி. உருட்டாமல் முத்திரை மாதிரி நேராக அழுத்தி எடுக்கும் ஸ்டாம்ப் வகையும் கிடைக்கிறது. முடி இருக்கும் தலைக்கு அதுதான் வசதி, சிக்காது. ஊசி நேராக இறங்கி நேராக ஏறும். எதை வாங்கினாலும் முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நான் துணியில் கண்ணி எண்ணும் லென்ஸில் பார்க்கிறேன், போன் கேமராவைப் பெரிசு பண்ணிப் பார்த்தாலும் போதும். பிறகு ஒரு பஞ்சு உருண்டையில் லேசாகத் தொட்டு எடுங்கள். முனை கொக்கி மாதிரி வளைந்திருந்தால் பஞ்சு இழையை இழுக்கும். ஒரே ஒரு ஊசி இழுத்தாலும் அந்த ரோலரை வைத்துக்கொள்ளாதீர்கள். அது தோலைக் குத்தாது, கிழிக்கும்.

நான் சனிக்கிழமை ராத்திரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சம்பளம் வாங்கி வந்தால் ஞாயிறு லீவு. திங்கள் காலை வரை ஹெல்மெட் வியர்வை இல்லை, கம்பெனிப் பஞ்சுத் தூசி இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கத்தை மட்டும் புதன்கிழமைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, அதில் கோபம். "சின்ன வெங்காயத்தைத் தட்டித் தேய்ச்சா ஆகாதா, முள்ளுல உருட்டறானாமா முள்ளுல" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய், டை எதுவாக இருந்தாலும் ஊசி பட்ட தலையில் அன்றும் மறுநாளும் வைக்கக் கூடாது.

தலையைச் சாதாரண ஷாம்பூ போட்டு அலசி, நன்றாகக் காய விடுங்கள். அதற்குள் ரோலர் தலையை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊற வைத்துவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் தருவார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். கொதிக்கும் தண்ணியில் போட்டால் பிளாஸ்டிக் நெளிந்து ஊசி ஆடும். அந்த நேரத்தில் பக்கத்தில் சாமி விளக்கு எரியக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ரோலரை எடுத்துக் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் ஊற வைத்ததே வீண்.

சீப்பால் வகிடு எடுத்துத் தோல் தெரியும்படி பண்ணிக்கொண்டு, சன்னமான இடத்தில் மட்டும் உருட்ட வேண்டும். ஒரு விரல் நீளம் ஒரே திசையில் உருட்டி, தூக்கி, மறுபடி தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். நெடுக்கில் நாலு தடவை, குறுக்கில் நாலு தடவை, சாய்வில் நாலு தடவை. திசை மாற்றும்போது தோலில் வைத்தபடியே திருப்பக் கூடாது; தையலிலும் ஊசி துணிக்குள் இருக்கும்போது துணியை இழுத்தால்தானே ஊசி உடைகிறது. அழுத்தம் எவ்வளவு என்றால், ரோலரின் எடைக்கு மேல் ஒரு விரலின் பாரம். முடி சுற்றிக்கொண்டால் பிடுங்காதீர்கள், வந்த வழியே பின்னால் உருட்டினால் விடும். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட வேண்டும். தோல் இளஞ்சிவப்பாக மாறி லேசாகக் குறுகுறுத்தால் அத்தோடு நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் அழுத்தம் ஜாஸ்தி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதான் பெரிய வேலை. 24 மணி நேரத்துக்கு மினாக்ஸிடில் கிடையாது. மும்பை ஆய்விலேயே ஊசி போட்ட நாளில் மருந்து போடவில்லை. துவைத்த தலையணை உறையைப் போட்டுத் தூங்குங்கள். ஞாயிறு மத்தியான வெயிலில் தலையைக் காட்ட வேண்டாம். ஞாயிறு ராத்திரியிலிருந்து வழக்கம் போல மருந்து: ஆண்களுக்கு 5 சதவீதம், ஒரு தடவைக்கு ஒரு மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அதையும் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுத் தொடங்குவது உத்தமம், நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். நெஞ்சு படபடத்தாலோ, தலை சுற்றினாலோ, முகம் கால் வீங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள். சிவப்பு இரண்டு நாளில் அடங்காமல் வலி கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்காதீர்கள்.

அடுத்த ஊசி அடுத்த சனிக்கிழமைதான், அதற்கு முன்னால் கிடையாது. சித்திரை வெயிலில் வியர்வைக்குப் பயந்து நான் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆக்கிக்கொள்கிறேன்.

முதல் மாசம் முடி இன்னும் கொட்டலாம். மினாக்ஸிடில் தொடங்கினால் பழைய முடி உதிர்ந்து புதுசுக்கு இடம் விடும். அதில்தான் பாதிப் பேர் பயந்து நிறுத்துகிறார்கள். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆகவே தினமும் கண்ணாடி பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. மாசம் ஒரு தடவை, ஒரே டியூப்லைட் கீழே, ஒரே உயரத்தில், காய்ந்த தலையோடு போட்டோ எடுங்கள். எனக்கு நாலாவது மாசம்தான் உச்சியில் வித்தியாசம் தெரிந்தது. நெற்றி அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாசம் ஒழுங்காகப் பண்ணியும் ஒன்றும் இல்லை என்றால் டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள். வந்த முடியும் மருந்தை நிறுத்தினால் சில மாசத்தில் போய்விடும், அதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் ரோலரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் அலசி, மறுபடி ஆல்கஹாலில் வைத்து, உலர்ந்த பிறகு டப்பாவில் மூடுங்கள். அண்ணன் தம்பி என்றாலும் கை மாற்றக் கூடாது. நான் பத்துத் தடவைக்கு மேல் ஒன்றை வைத்துக்கொள்வதில்லை. டப்பா மேல் பேனாவால் கோடு போட்டு எண்ணுகிறேன். தேய்ந்ததைச் சும்மா குப்பையில் போட்டால் குப்பை வண்டி அக்கா கையில் குத்தும். ஊசி முழுக்க மறையும்படி டேப் சுற்றி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இப்போது அதில் ஆறு இருக்கிறது. ஆறாவது, மாப்பிள்ளை கொண்டு வந்த ஒன்றரை மில்லி. 350 ரூபாய் போச்சே என்று அவன் முணுமுணுத்தான், நான் காதில் வாங்கவில்லை.