கானா நாட்டோட பழைய பண நோட்டு வாங்குறீங்களா? டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க

கானாவுக்கு 1957ல சுதந்திரம் கிடைச்சாலும் சொந்த நோட்டு 1958லதான், அதுவும் பவுண்டு கணக்குல. புதுசா சேர்க்குறவங்க 1965ல பவுண்டுக்குப் பதிலா வந்த சீடிங்கிற பணத்தோட நோட்டுல ஆரம்பிங்க, அதுல அப்போ அதிபரா இருந்த நிக்ருமா படம் இருக்கும், 1966ல ராணுவம் அவரைக் கவுத்ததும் 1967ல வந்த நோட்டுல அவர் முகத்தையே தூக்கிட்டாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, மடிப்ப மறைக்க யாராவது இஸ்திரி போட்டிருந்தா பழைய மடிப்பு லேசா கோடு மாதிரி தெரியும், பேப்பரும் ஒரு மாதிரி தட்டையா பளபளன்னு இருக்கும், அதுக்கு புது நோட்டு விலை குடுக்காதீங்க. வீட்டுல பிவிசி கவர் மட்டும் வேண்டாம் ப்ளீஸ், நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி நோட்டையே கெடுத்துடும், மைலார்னு ஒரு வகை பாலியஸ்டர் பிளாஸ்டிக் கவர் இருக்கு, அத வாங்கிப் போடுங்க.