தோட்டத்துச் சபையிலிருந்து தான்சானியாவுக்கு: ஓர் இளைஞரை முடிக்கும்வரை படிக்க வைப்பது எப்படி

நாற்பது குடும்பம் உள்ள சபை. பாதிப் பேர் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிகள். மீதிப் பேர் கிள்ளான், ரவாங் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா ஆகட்டும், பீடோர் ஆகட்டும், செம்பனைக்கு நடுவே இருக்கும் தமிழ்ச் சபைகள் பலவும் ஏறக்குறைய இந்த அளவுதான். இந்த அளவுச் சபையால் ஆப்பிரிக்காவில் ஓர் இளைஞரைப் படிக்க வைத்து, ஒரு தொழிலில் நிற்க வைக்க முடியும். ஐந்து பேரை முடியாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் விழுந்த பணத்தைப் பார்த்த உற்சாகத்தில் ஐந்து பெயரை எடுத்துக்கொள்வார்கள், இரண்டாம் ஆண்டு பணம் இளைக்கும். பாதியில் நின்றுபோன பிள்ளைக்கு, உதவியே கேட்காமல் இருந்ததைவிடச் சங்கடம் அதிகம். விடுதிப் பாக்கி ஒரு பக்கம், ஊரில் தலைகாட்ட முடியாத நிலை மறுபக்கம்.

தான்சானியாவை வைத்தே இதை எழுதுகிறோம். அங்குள்ள லூத்தரன் திருச்சபை உலகின் பெரிய லூத்தரன் சபைகளில் ஒன்று; நம் மலேசிய லூத்தரன் சபையும் அதுவும் ஒரே உலகக் கூட்டமைப்பில் இருக்கின்றன. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளுக்கும் அங்கே மறைமாவட்டங்கள் உண்டு. மெதடிஸ்ட் சபையார் கென்யாவில் இருக்கும் தங்கள் சபையைத் தேடலாம். நாடு மாறினால் பரீட்சையின் பெயர் மாறும், வேலைமுறை அதேதான்.

பணத்தை முதலில் எண்ணுங்கள்

குடும்பத்துக்கு மாதம் 25 ரிங்கிட் என்று வைத்தால் நாற்பது குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். அந்த 1,000-த்தை நம்பாதீர்கள். 700 என்று எழுதுங்கள். ஓவர்டைம் நின்றுபோகும் மாதம், பள்ளி திறக்கும் மாதம், கிறிஸ்துமஸ் மாதம், மகன் சிங்கப்பூருக்கு வேலை மாறும் மாதம் எல்லாவற்றிலும் காணிக்கைக் கவர் காலியாக வரும். ஆண்டுக்கு 8,400 ரிங்கிட். உங்கள் கணக்கு இந்த எண்ணில்தான் நிற்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் ஒரு சென்கூட அனுப்ப வேண்டாம். சேரட்டும். ஓர் இளைஞரின் ஓராண்டு முழுச் செலவு கையில் வந்த பிறகுதான் பெயர் கேட்க வேண்டும். அந்தத் தொகை கடைசி ஆண்டுவரை தொடாமல் கிடக்க வேண்டும். வசூல் படுத்துவிட்டாலும் தொடங்கியவர் முடித்துவிடுவார், இனிப் புதியவரை எடுக்காமல் இருந்தால் போதும். ஏலப் பணத்தை மாத வரவில் சேர்க்காதீர்கள். அது கருவி வாங்க உதவும். கடைசியில் அதற்கு வருகிறோம்.

கணக்கு சபையின் வங்கிக் கணக்கில், அல்லது தலைமைச் சபை ஒப்புதலோடு திறந்த தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இரண்டு பேர் கையெழுத்து. இதற்கென்று புதுச் சங்கம் தொடங்க ஓடாதீர்கள். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம், ஆண்டறிக்கை என்று வேலை பெருகும், பணம் பெருகாது. சபைக்குள் கவர் கொடுத்து வாங்குவது ஒன்று. உண்டியலைத் தூக்கிக்கொண்டு பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கோ வீடு வீடாகவோ போவது வேறு. அதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் தேவை. வரிக்கழிவு கேட்கும் அங்கத்தினரிடம் மழுப்ப வேண்டாம். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீதுக்கு மட்டுமே அது கிடைக்கும். அந்த அங்கீகாரம் இல்லாத சபை ரசீதை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

அங்கே எது இலவசம், எது இல்லை

தான்சானியாவில் அரசு உயர்நிலைப் பள்ளியின் முதல் நான்கு படிவங்களுக்கு, அதாவது வகுப்புகளுக்கு, 2016 முதல் கட்டணம் இல்லை. 2022-இல் ஐந்தாம், ஆறாம் படிவத்துக்கும் அது நீண்டது. பிறகு எதற்கு நம் பணம் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. பிள்ளைக்கு இடம் கிடைத்ததும் பள்ளி ஒரு சேர்க்கைத் தாள் அனுப்பும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மெத்தை, தகரப் பெட்டி, வாளி, கொசுவலை, இரண்டு ஜோடிச் சீருடை, மண்வெட்டி, பள்ளி அலுவலகத்துக்கு ஒரு கட்டு வெள்ளைத் தாள் என்று நீளும் அந்தப் பட்டியல்தான் ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிறது. இவற்றோடு பேருந்துக் கட்டணமும், பெண்பிள்ளைக்கு மாதாமாதம் நாப்கினும் உண்டு. செலவுப் பட்டியல் கேட்கும்போது நாப்கினைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் யாரும் வாங்கித் தர மாட்டார்கள், பிள்ளையும் கேட்காது.

இன்னொன்று நம் ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். அங்கே ஆரம்பப் பள்ளி சுவாஹிலியில் நடக்கிறது. உயர்நிலைப் பள்ளி திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறுகிறது. தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு மலாயோடு மல்லுக்கட்டியவர்கள் நம் சபையிலேயே இருப்பார்கள். அங்கே அந்த ஓர் ஆண்டு கிடையாது. முதல் படிவத்தில் மதிப்பெண் விழுந்தால் "படிக்கிற பிள்ளை இல்லை" என்று முடிவு கட்டாமல், ஆங்கிலத் துணைவகுப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்.

இருந்தாலும், சிறிய சபைக்கு எங்கள் பரிந்துரை தொழிற்பயிற்சிதான். நான்காம் படிவத்தோடு நின்றுவிட்ட 17 முதல் 22 வயதுக்காரரை எடுங்கள். அரசின் தொழிற்பயிற்சி ஆணையமான வேட்டாவும், அதில் பதிவுபெற்ற சபைப் பயிற்சி நிலையங்களும் தையல், மின்கம்பி வேலை, வாகனப் பழுது, கொத்து வேலை, குழாய் வேலை முதலியவற்றைக் கற்றுத் தருகின்றன. சான்றிதழ் மூன்று நிலை. முடிவு தெரிகிற தூரம் அது, நாற்பது குடும்பம் மூச்சுப்பிடித்து ஓடிவிடலாம். பல்கலைக்கழகச் செலவை ஏற்கப் போகாதீர்கள். அதற்கு அங்கே அரசின் உயர்கல்விக் கடன் வாரியம் இருக்கிறது.

யாரோடு சேர்வது, யாரை எடுப்பது

தனி ஆளோடு சேராதீர்கள், அவர் எவ்வளவு நல்ல போதகராக இருந்தாலும். மறைமாவட்ட அலுவலகத்தோடு சேருங்கள். அலுவலகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு (அதில் ஒருவராவது பெண்) ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேறு இடம் பாருங்கள். அலுவலகச் செலவுக்கு என்று ஒரு பங்கு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வேலைக்கூலி எழுதாத பட்டியலில் அந்தக் கூலி வேறெங்கோ ஒளிந்திருக்கும்.

தேர்வை அவர்களிடமே விடுங்கள். படத்தைப் பார்த்து இங்கிருந்து பொறுக்குவது ஏலம் எடுப்பது போல ஆகிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது பரீட்சை எண்ணை. தேசியத் தேர்வு மன்றம் நான்காம் படிவ முடிவுகளைப் பள்ளிவாரியாகத் தன் இணையதளத்தில் போடுகிறது. பள்ளி எண்ணையும் மாணவர் எண்ணையும் வைத்து இங்கிருந்தே சரிபார்க்கலாம். புள்ளி குறைந்தால்தான் அங்கே நல்லது. 7 முதல் 17 வரை முதல் பிரிவு, 26 முதல் 33 வரை நான்காம் பிரிவு, 34, 35 வந்தால் தோல்வி. 32 வாங்கியவரை 20 வாங்கியவரைவிடக் கெட்டிக்காரர் என்று அறிவிப்புப் பலகையில் பாராட்டிவிடாதீர்கள்.

பெயர் விஷயத்திலும் கவனம். அங்கே வழக்கமாகத் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்று அடுக்கு. சான்றிதழில் மூன்றும் இருக்கும், பள்ளிப் பதிவில் இரண்டு, ஞானஸ்நானப் பெயர் வேறு. அடையாள அட்டையில் ஒன்றும் பிறப்புப் பத்திரத்தில் ஒன்றுமாக எழுத்து மாறி அலைந்த நமக்கு இது புதிதல்ல. முதல் நாளே சான்றிதழில் உள்ளபடி ஒரு பெயரை முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக் கொடுப்பதைத் தவிருங்கள். மாதாமாதம் கவர் போட அது தூண்டும், உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு வேலை போனால் அங்கே ஒரு படிப்பு போகிறது. பணம் பொதுப்பெட்டிக்குள் போகட்டும்.

அனுப்புவது

மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கட்டணமே பணத்தைத் தின்றுவிடும். கட்டணம் தொகைக்கு ஏற்பக் குறைவதில்லை, 500 அனுப்பினாலும் 4,000 அனுப்பினாலும் ஏறக்குறைய அதேதான். ஆண்டுக்கு இரண்டு முறை போதும். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், இரண்டாம் பருவம் ஜூலையில். அதனால் நவம்பர் கடைசியிலும் மே கடைசியிலும் அனுப்புங்கள். டிசம்பர் நடுவில் அனுப்பினால் பண்டிகை விடுமுறையில் சிக்கி, பள்ளி திறந்த பிறகு போய்ச் சேரும். அதற்குள் பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

வங்கியில் மூன்று கேள்வி கேளுங்கள். இடைவங்கிக் கட்டணம் யார் தலையில்? அனுப்புநரே முழுவதும் ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வழியில் உள்ள வங்கி தன் பங்கை வெட்டிக்கொள்ளும், பள்ளிக்கட்டணம் சில்லறையில் குறைந்து நிற்கும். பணம் எத்தனை முறை மாறுகிறது? ரிங்கிட் டாலராகி, டாலர் ஷில்லிங்காகும்போது இரண்டு முறை நஷ்டம். "கட்டணம் இல்லை" என்று விளம்பரம் செய்கிறவரிடமும் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி, அங்கே எத்தனை ஷில்லிங் கையில் கிடைக்கும் என்பது. அந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். வங்கி இல்லாமல் பணமாற்றுக் கடை வழியாக என்றால், நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற கடையாக இருக்கட்டும்.

முதல் முறை 200 ரிங்கிட் மட்டும் அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்த தொகையை எழுத்தில் வாங்கிய பிறகு பெரிய தொகை. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண் இதோ" என்று மின்னஞ்சல் வந்தால் நிறுத்துங்கள். ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல.

அங்கிருந்து பணம் பிள்ளையின் கைக்கோ மாமாவின் கைப்பேசிக்கோ போகக் கூடாது. அரசு நிலையங்களுக்குக் கட்ட "கண்ட்ரோல் நம்பர்" என்று ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணில் கட்டினால் பணம் நேராக அரசுக் கணக்கில் ஏறும். அந்த எண்ணும், கட்டிய ரசீதும் வேண்டும் என்று கேளுங்கள். கடையில் வாங்கும் மெத்தை, சீருடைக்கு வரித்துறை இயந்திர ரசீது கேட்கலாம். ஆனால் சந்தையில் வாளி விற்கும் அம்மாளிடம் ரசீது கேட்பது, நம் பாசார் மாலாமில் புத்து மாயம் விற்கிறவரிடம் ரசீது கேட்பது மாதிரிதான். அதற்கு ஒரு சிறு தொகையை ரசீதில்லாச் செலவு என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போலி ரசீது எழுத நீங்களே பழக்கிவிடுவீர்கள்.

பேசுவது

தான்சானியா நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால். இரவு எட்டு மணிக்கு இங்கே கூட்டம் என்றால் அங்கே பிற்பகல் மூன்று. சுவாஹிலி வழக்கில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணிதான் அவர்களுக்கு "சா மோஜா", அதாவது முதல் மணி. பிற்பகல் மூன்று என்பது ஒன்பதாம் மணி. ஆங்கிலத்தில் பேசும்போதும் சிலர் இந்தக் கணக்கிலேயே சொல்லிவிடுவார்கள், நாம் ஆறு மணி நேரம் தள்ளிக் காத்திருப்போம். நேரத்தை 24 மணிக்கணக்கில் "உங்கள் நேரம் 15:00" என்று எழுதிவிட்டால் தகராறு இல்லை.

பருவத்துக்கு ஒரு கடிதம் போதும், மறைமாவட்ட அலுவலகம் வழியாக. சபையார் யாரும் பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது, தனியாகப் பரிசும் அனுப்பக் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் இதில் விலக்கே இல்லை. நல்லெண்ணத்தில் ஒருவர் அனுப்பும் கைப்பேசி, விடுதியில் இருபது பேருக்கு நடுவே ஒருவரை அடையாளம் காட்டிவிடும். அடுத்து அந்தப் பிள்ளையின் உறவினர் ஒவ்வொருவராக எழுதத் தொடங்குவார்கள். பிள்ளையின் படத்தோடு ஊர், பள்ளிப் பெயரைச் சேர்த்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.

"நம்ம தோட்டத்துப் பிள்ளைங்களே எஸ்.பி.எம். முடிச்சிட்டு சும்மா நிக்குது, ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு?" (எஸ்.பி.எம். என்பது இங்கே ஐந்தாம் படிவத் தேர்வு.) இந்தக் கேள்வி வராத சபை இருக்காது. அதை அடக்காதீர்கள். வசூலில் ஒரு பங்கு உள்ளூர் பிள்ளைகளுக்கு என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து பதிவேட்டில் எழுதிவிட்டால், கேட்டவரே கவர் போடுவார்.

கருவி

படிப்பு முடிந்து சான்றிதழோடு வீட்டுக்குப் போகிறவருக்குத் தையல் இயந்திரம் இல்லாவிட்டால் எல்லாம் வீண். கருவிப் பணத்தைக் கடைசிப் பருவத்திலேயே அனுப்பி, பயிற்சி ஆசிரியரே கூட நின்று வாங்கித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு பணமாக அனுப்பினால், தம்பியின் காய்ச்சலும் கூரைத் தகரமும் முந்திக்கொள்ளும். அது ஏமாற்று இல்லை, வறுமை.

தையலுக்கு மோட்டார் இயந்திரம் வேண்டாம், காலால் மிதிக்கும் இயந்திரம் வாங்குங்கள். மின்சாரம் போனாலும் ஓடும், உதிரிபாகம் கிராமத்துச் சந்தையிலும் கிடைக்கும். கூடவே நல்ல கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசிப் பெட்டி, ஒரு மாதத்துக்குத் துணி, கரி போடும் இஸ்திரிப் பெட்டி. (தோட்டத்து லயத்தில் சிரட்டைக் கரி போட்டுத் தேய்த்த பாட்டிமார் இருந்தால் அவர்களையே இந்த வரிக்குப் பணம் கேட்கச் சொல்லுங்கள், தட்டாமல் கிடைக்கும்.) மின்வேலைக்குச் சோதனை மீட்டரும் கைப்பிடி உறை போட்ட கருவிகளும், கொத்து வேலைக்குக் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு. கடைக்கு இடம் பிடிப்பதானால் வீட்டுக்காரர்கள் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சாதாரணம், அதையும் பட்டியலில் எழுதுங்கள். ஏலப் பணம் இங்கேதான் செலவாக வேண்டும்.

இயந்திரம் இளைஞரின் பெயரில் இருக்கட்டும். முதல் ஓராண்டு விற்கக் கூடாது என்று ஒரு தாள் எழுதி, மறைமாவட்ட அலுவலகமும் கையெழுத்திட வேண்டும். அவரை ஊரில் உள்ள சேமிப்புக் குழுவில் சேரச் சொல்லுங்கள். தான்சானியாவில் விக்கோபா என்பார்கள். நம் சீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். வாரம் ஒரு பங்கு போட்டு, அதிலிருந்தே கடன் வாங்குவார்கள். பல குழுக்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம். ஊசி உடைந்தாலும் துணி தீர்ந்தாலும் அவர் அடுத்த கடனை அந்தப் பெட்டியில் கேட்கலாம், பெஸ்தாரி ஜெயாவுக்கு எழுத வேண்டியதில்லை. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அலுவலகத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வாரம் எத்தனை துணி தைத்தார்? பதில் எண்ணாக வந்தால் அடுத்தவரின் பரீட்சை எண்ணைக் கேட்கலாம்.