காசநோயாளிக்குத் துணையாகப் போகும் தொண்டூழியர்கள் தவிர்க்க வேண்டியவை

புதிதாகச் சேர்ந்த தொண்டூழியர்களோடு இப்போது வீடு வீடாகப் போய் வருகிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் செட் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். முகக்கவசம், திறந்த சன்னல் எல்லாம் துண்டறிக்கையிலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

புளோக் முழுக்கச் சொல்லி உதவி கேட்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

தனியாக இருந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். சிகிச்சை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பாலிகிளினிக்குப் போய்த் தாதியின் கண்முன்னே மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார். சிங்கப்பூரில் 1997இல் தொடங்கிய தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம் பெரிதும் நம்பியிருப்பது இந்த ஏற்பாட்டைத்தான். வண்டி ஓட்டாததால் கையில் காசில்லை. அதைப் பார்த்து மனமிளகிய தொண்டூழியத் தம்பி ஒருவர் புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: "ஏழாம் மாடி அண்ணனுக்கு டிபி. யாராவது முறைபோட்டுச் சாப்பாடு கொடுக்க முடியுமா?"

சாப்பாடு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போனார்கள். மின்தூக்கிக்குள் அவர் வந்தால் மற்றவர்கள் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தைக் கிருமிநாசினி போட்டுக் கழுவச் சொல்லி ஒருவர் நகர மன்றத்துக்கே எழுதினார். சில நாளில் அண்ணன் பாலிகிளினிக் போவதை நிறுத்திவிட்டார். அங்கேயும் அதே புளோக் ஆட்கள்தானே எண் எடுத்து உட்கார்ந்திருப்பார்கள்!

இத்தனைக்கும் அந்தச் சமயத்தில் அவரால் மற்றவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் என்றால், ஒழுங்காக மாத்திரை எடுத்து இரண்டு வாரம் போல ஆனதும் பொதுவாகப் பரவுவது நின்றுவிடும். மாத்திரையை நிறுத்திய பிறகுதான் சிக்கலே. வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. நடுவில் விட்டால் கிருமி திரும்பத் தலைதூக்கும். முக்கிய மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்கும் அசையாத வகையாக மாறவும் வழியுண்டு. 2016இல் அங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203இல் ஆறு பேரிடம் கண்டுபிடித்ததாக அறிவித்தார்களே, அது மருந்துக்கு மசியாத அந்த வகைதான். அதற்கு மருந்தும் கடுமை, பக்க விளைவும் அதிகம்.

தாதியும் மருத்துவச் சமூக ஊழியரும் பேசிப் பேசித்தான் அண்ணனை மீட்டார்கள். வேறு பேட்டையில் உள்ள பாலிகிளினிக்குக்கு மாற்றிக்கொடுத்தார்கள். இடைவெளி நீண்டுவிட்டதால் சிகிச்சையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன் அக்கா" என்றார் தம்பி. சரி, நல்லதுக்குத்தான். ஆனால் யாரிடம் சொல்வது என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். சாப்பாடு கேட்க "உடம்பு சரியில்லை" என்ற இரண்டு வார்த்தை போதும். பணக்கஷ்டம் என்றால் அவர் சம்மதத்தோடு மருத்துவச் சமூக ஊழியரிடம் போங்கள். 1947இல் காசநோய் எதிர்ப்புச் சங்கமாகத் தொடங்கிய சாட்டா, வசதி குறைந்த நோயாளிகள் தவறாமல் மாத்திரை எடுக்க வந்தால் பேரங்காடிப் பற்றுச்சீட்டு கொடுத்து உதவியிருக்கிறது. உதவிக்கு வழி இருக்கிறது, அதற்கு வாட்ஸ்அப் குழு வேண்டியதில்லை.

தட்டு, தம்ளரைப் பிரித்து வைக்கச் சொல்வது

வேண்டாம். காற்றில்தான் பரவும்.

யாருக்கெல்லாம் ஒட்டியிருக்கும் என்று விசாரிப்பது

அதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள்.

'பாசிட்டிவ்' என்றதும் நோயாளி ஆக்கிவிடுவது

2026 ஜனவரியில் பிடோக்கில் இலவசக் காசநோய்ப் பரிசோதனை நடந்தது நினைவிருக்கலாம். இப்படிப்பட்ட இரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால், உடம்பில் கிருமி புகுந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எக்ஸ்ரேயும் சரியாக இருந்து, இருமல், காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் அது மறைநிலைத் தொற்று. அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. இப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறலாம், அதைத் தடுக்கவும் மருந்து உண்டு. நம் மூத்தோரில் பலருக்கு இந்தத் தொற்று இருக்கிறது. பேரப்பிள்ளையைத் தூக்காதே என்று அவர்களிடம் போய்ச் சொல்லி வைக்காதீர்கள்.

பக்க விளைவைச் சொல்லாமல் விடுவது

ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். இதை முன்பே சொல்லாததால் இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. அது ஒன்றும் செய்யாது. ஆனால் கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, சாப்பாடே இறங்காதது எல்லாம் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். பார்வை மங்கினாலோ சிவப்பு, பச்சை குழம்பினாலோ எத்தாம்பியூட்டால் என்ற மருந்து காரணமாக இருக்கலாம். அப்போது "அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் கேட்டுக்கலாம்" என்று சமாதானம் சொல்லாமல், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வையுங்கள். அப்புறம், ஊரிலிருந்து வந்த லேகியம் ஏதாவது சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.