வணிகக் கட்டடம் எழுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பசுமையும் நகரத் திட்டமும் எங்கே கைநழுவுகின்றன?

அலுவலக வளாகமோ கடைத் தொகுதியோ, பெரும்பாலான குழுக்களில் வேலை ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் நிலத்தை வாங்குகிறார்கள். எத்தனை சதுர அடி தேறும் என்று கணக்குப் போடுகிறார்கள். அதற்கேற்ப ஆர்க்கிடெக்ட் வரைபடம் தயாரிக்கிறார். அனுமதிக்குப் போகும் நேரத்தில்தான் நகரத் திட்ட விதிகளை முழுதாகப் படிக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "பசுமைக்கு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வருகிறது. அப்போது கையில் மிச்சமிருப்பது மொட்டைமாடியும் வாசலோரம் நாலு மரம் வைக்கும் இடமும்தான்.

கோளாறு இந்த வரிசையில் இருக்கிறது. கட்டடம் எந்தத் திசை பார்க்கும், எவ்வளவு அகலம், எத்தனை பேஸ்மென்ட், பழைய கட்டடத்தை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்பதெல்லாம் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும், அந்தத் தெருவுக்கு நன்மையா தொல்லையா என்பதும் அந்த வாரங்களோடு கிட்டத்தட்ட தீர்ந்துபோகிறது. இனி சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

நிலத்தின் விலையில் தொடங்கும் சிக்கல்

ஒரு மனைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ.யை, எடுத்துக்கொண்டு அவ்வளவும் கட்டிவிடலாம் என்று நம்பி நிலத்துக்கு விலை பேசுவது மிகப் பரவலான தவறு. உச்ச வரம்பு என்பது அதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை மட்டுமே. அவ்வளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. சாலை அகலப்படுத்தும் கோடு, பக்க இடைவெளி, தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி, உயரக் கட்டுப்பாடு, பாரம்பரியக் கட்டடத்துக்கு அருகிலிருந்தால் வரும் நிபந்தனை, வெள்ள வடிகால் பகுதி என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கடித்துக்கொள்ளும். நகரின் முழுமைத் திட்ட வரைபடத்தில் நில உபயோகம் 'வணிகம்' என்று ஒரு நிறம் பூசியிருப்பதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு, பகுதிவாரியான விரிவுத் திட்டத்தில் உள்ள நிபந்தனைகள் பிறகுதான் தெரியவருகின்றன.

அதிக விலை கொடுத்தாகிவிட்டது, எதிர்பார்த்த பரப்பு வரவில்லை. அடுத்து நடப்பதை யாரும் ஊகிக்கலாம். கிடைக்கும் ஒவ்வொரு அடியையும் தளமாக்க, கட்டடம் பருத்துக்கொண்டே போகும். இயற்கை வெளிச்சம் உள்ளே எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு வடிவமைப்பாளர்களிடம் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு வரையுள்ள உயரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. ஜன்னல் 3 மீட்டர் உயரம் எட்டினால், ஏறக்குறைய நாலரை முதல் ஏழரை மீட்டர். அதற்கு அப்பால் உட்காருபவருக்கு உச்சி வெயில் நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும். விளக்கின் வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். நிலத்துக்குக் கொடுத்த அதிகப்படி விலை இப்படி மாதாமாதம் மின்கட்டணமாகத் திரும்பி வருகிறது.

விலை பேசும் முன்பே திட்டமிடல் ஆலோசகரையும் ஆர்க்கிடெக்ட்டையும் உட்காரவைத்து, எல்லா விலக்கங்களும் போக உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தோராய வரைபடம் போட்டுப் பார்ப்பதே இதற்கு மருந்து. அதற்கு ஆகும் செலவு நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

விதி எதற்காக வந்தது என்று கேட்காமல் இருப்பது

நியூயார்க்கில் 1915ஆம் ஆண்டு எக்விடபிள் பில்டிங் கட்டி முடிக்கப்பட்டது. தெருவோரத்திலிருந்து கொஞ்சமும் பின்வாங்காமல் நேரே மேலெழுந்த கட்டடம். சுமார் 12 லட்சம் சதுர அடி. அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் தெருக்களும் அதன் நிழலில் விழுந்தன. அப்போது எழுந்த எதிர்ப்புக்கும் மறு ஆண்டே, அதாவது 1916இல், அந்த நகரம் கொண்டுவந்த மண்டல விதிக்கும் தொடர்பு உண்டு. உயரம் கூடக்கூடக் கட்டடம் உள்ளே தள்ளிப்போக வேண்டும் என்றது அந்த விதி. தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதே நோக்கம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இடைவெளி விதியை வெறும் எண்ணாகப் பார்ப்பவர், அதிலிருந்து அரை மீட்டர் தளர்வு வாங்குவதிலேயே சக்தியைச் செலவழிக்கிறார். வெளிச்சத்துக்காகவும் காற்றுக்காகவும் வந்த விதி என்று புரிந்துகொண்டவர், அதே நோக்கத்தை வேறொரு வடிவத்தில் இன்னும் நன்றாக நிறைவேற்றி, திட்ட அதிகாரியிடம் அதைக் காட்டிப் பேசுகிறார். பல நகரங்களில் விண்ணப்பிக்கும் முன்பே அதிகாரிகளோடு கலந்துபேசும் ஏற்பாடு இருக்கிறது. கையில் முடிந்துபோன வரைபடம் இல்லாமல், இரண்டு மூன்று மாற்று வடிவங்களோடு அங்கே போவது நல்லது. முடிவான படத்தோடு போனால் அங்கே நடப்பது பேரம்தான்.

இடித்த பிறகு யோசிப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்ட் உற்பத்தி மட்டுமே 7 முதல் 8 சதவீதம். ஒரு கட்டடத்தின் அஸ்திவாரத்திலும் தூண்களிலும் தளங்களிலும் உள்ள கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும் உரிய புகை ஏற்கெனவே வெளியேறிவிட்டது. அதை இடித்துக் குப்பையாக்கிவிட்டு அதே அளவு கான்கிரீட்டை மறுபடி ஊற்றும்போது, புதிய கட்டடம் எவ்வளவு சிக்கனமாக இயங்கினாலும் முதல் நாளன்றே பெரும் கடனோடு தொடங்குகிறது. கட்டுமானப் பொருள்களுக்காக இப்படி வெளியேறும் புகையை உட்பொதிந்த கார்பன் என்கிறார்கள். கட்டடம் இயங்கும்போது செலவாகும் ஆற்றலை மட்டும் கணக்கில் காட்டி "புதியதே பசுமை" என்று வாதிடுவது பாதிக் கணக்கு.

திட்டமிடும் அமைப்புகள் இப்போது மீதிப் பாதியையும் கேட்கத் தொடங்கிவிட்டன. லண்டனின் 2021 திட்டம், மேயரின் பார்வைக்குப் போகும் பெரிய கட்டடங்களுக்கு கட்டுவது முதல் இடிப்பது வரையிலான முழு ஆயுள்கால கார்பன் கணக்கைக் கட்டாயமாக்கியது. அதே நகரின் ஆக்ஸ்போர்டு தெருவில் உள்ள மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2021இல் உள்ளூர் மன்றம் சம்மதித்தது. 2023இல் அரசு மறுத்தது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்துசெய்தது. கடைசியில் 2024 டிசம்பரில் அனுமதி வந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இடிப்பதா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வி மூன்று ஆண்டுகளை விழுங்கியதை எந்த முதலீட்டாளரும் கவனிக்காமல் இருக்க முடியாது.

மாற்று வழி வெறும் கனவும் இல்லை. சிட்னியில் 1976ஆம் ஆண்டுக் கோபுரம் ஒன்றின் தூண்கள், உத்திரங்கள், தளங்களில் சுமார் 65 சதவீதத்தை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் புதிய தளங்களை ஒட்டவைத்து எழுந்த குவே குவார்ட்டர் டவர் 2022இல் திறக்கப்பட்டது. பழைய எலும்புக்கூட்டின் மேல், ஏறக்குறைய இரு மடங்குப் பரப்போடு, முதல்தர அலுவலகக் கட்டடம் நிற்கிறது.

பழையதை வைத்துக்கொள்ள முடியுமா என்பதை ஆசையை வைத்துச் சொல்லக்கூடாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பழைய ஸ்ட்ரக்சுரல் வரைபடங்கள் கிடைக்கின்றனவா என்று தேட வேண்டும். தூண்களிலும் தளங்களிலும் துளையிட்டு உருளை உருளையாகக் கான்கிரீட் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் நசுக்கி வலிமை பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடித்திருக்கிறதா, தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம், தளத்துக்கும் தளத்துக்கும் என்ன உயரம் என்று அளக்க வேண்டும். உயரம் குறைவாக இருந்தால் பொய்க்கூரையைக் கைவிட்டு, ஏ.சி. குழாய்களை வெளித்தெரிய விடுவது ஒரு வழி. இவ்வளவும் பார்த்த பிறகும் இடிப்பதே சரி என்று வந்தால், அந்த அறிக்கையே அனுமதி விண்ணப்பத்தின் வலுவான பக்கமாகும். நிலம் கைக்கு வந்த மறுநாளே இடிப்பு ஒப்பந்தக்காரரை அழைப்பவரிடம் அப்படி எதுவும் இருக்காது.

சான்றிதழை வைத்துத் திருப்தியடைவது

பசுமைக் கட்டடச் சான்றிதழ்கள் பயனுள்ளவைதான். ஆனால் பலவும் வடிவமைப்பை வைத்து மதிப்பெண் போடுகின்றன. கட்டடம் இயங்கும் விதம் வேறாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் (NABERS) என்ற மதிப்பீட்டு முறை இங்கே வேறுபடுகிறது. 12 மாத மீட்டர் கணக்கைப் பார்த்துத்தான் அது நட்சத்திரம் தருகிறது. அங்கே 2010 முதல், பெரிய அலுவலக இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ வருபவர் அந்த மதிப்பீட்டை வெளிப்படுத்தியாக வேண்டும். நியூயார்க்கின் 2019ஆம் ஆண்டு உள்ளூர்ச் சட்டம் 97 இன்னும் ஒரு படி மேலே போகிறது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரியமில வாயு வெளியேற்றத்துக்கு 2024 முதல் ஆண்டு வரம்பு. தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும். இன்று வரைபடமாக இருக்கும் கட்டடம் திறக்கப்பட இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்றைய விதியைச் சரியாகத் தொட்டு நிற்பது போதாது.

மீட்டர் ஏன் காகிதத்தோடு ஒத்துப்போவதில்லை? ஒரு தளத்தில் ஐந்து பேர் இரவு வேலை பார்க்க, தளம் முழுவதற்கும் ஏ.சி. ஓடுகிறது, ஏனென்றால் அதைப் பகுதி பகுதியாகப் பிரிக்கவே இல்லை. நல்ல கண்ணாடிக்கும் சிக்கனமான எந்திரத்துக்கும் செலவழிப்பவர் உரிமையாளர், மின்கட்டணம் குறைந்து லாபமடைபவர் வாடகைதாரர். ஆகவே உரிமையாளருக்கு அக்கறை குறைகிறது. குத்தகைப் பத்திரத்திலேயே மின்பயன்பாட்டுக் கணக்கைப் பகிர்வது, மேம்பாட்டுச் செலவைப் பங்கிடுவது பற்றி எழுதிவிட்டால் இந்த முடிச்சு பெருமளவு அவிழும். குளிர்பதன வாயுக் கசிவையும் மறக்கக்கூடாது. பரவலாகப் பயன்பட்ட ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால், சுமார் 2,000 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம்.

மொட்டைமாடியைப் பலமுறை விற்பது

இதை வரைபடத்தில் நேராகவே பார்க்கலாம். மின் ஆலோசகரின் தாளில் மாடி முழுக்க சோலார் பலகைகள். தோட்டக்கலை நிபுணரின் தாளில் அதே மாடி முழுக்கப் புல்வெளி. ஏ.சி. ஆலோசகரின் தாளில் சில்லர்கள் எனப்படும் குளிரூட்டும் எந்திரங்களும் அவற்றைச் சுற்றிக் காற்று போக இடமும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எந்திர அறை, தீ விபத்தில் ஒதுங்கும் இடம் தனி. அனுமதி விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் வாக்குறுதியாக எழுதிவிடுகிறார்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போதுதான் பாதிக்கு இடமில்லை என்பது தெரிகிறது. எடையும் ஒரு பிரச்சினை: ஒரு அடி ஆழ மண் மழையில் ஊறினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். பின்னால் நினைத்துக்கொண்டு தோட்டம் வைக்க முடியாது. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய திட்டங்கள் உயிர்ப்பன்மையை 10 சதவீதம் கூட்டியாக வேண்டும், அதை 30 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். இப்படிப்பட்ட விதி உள்ள இடத்தில் தாளில் மட்டும் இருக்கும் தோட்டம் பெரும் வில்லங்கம்.

தெருவை மறந்த கட்டடம்

2013இல் லண்டனின் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு, சூரிய ஒளியைக் குவித்து, தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. பிறகு முகப்பில் நிழல்தடுப்புகள் பொருத்தினார்கள். லீட்ஸ் நகரின் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கோபுரத்தருகே 2011இல் பலத்த காற்றில் லாரி கவிழ்ந்து, நடந்துபோன ஒருவர் உயிரிழந்தார். கட்டட எல்லைக்கோட்டோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது என்று நினைப்பதன் விலை இது. காற்றையும் பிரதிபலிப்பையும் கட்டட வடிவம் இளகி இருக்கும்போதே சோதிக்க வேண்டும்.

தரைத்தளமும் அப்படித்தான். ஜெனரேட்டர் அறை, மின்மாற்றி, பேஸ்மென்ட் சரிவு, சரக்கு இறக்கும் வாசல் எல்லாவற்றையும் தெருமுகத்தில் வரிசையாக வைத்தால், நடந்துபோகிறவருக்கு நீண்ட மொட்டைச் சுவர்தான் மிஞ்சும். அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்பதை இந்த ஏற்பாடெல்லாம் முடிவான பிறகு வைத்துக்கொள்கிறார்கள். மாற்றுவதற்கு எதுவுமில்லாத கூட்டத்தில் வரும் கோபம் நியாயமான கோபம். சரக்கு வண்டி எந்த நேரத்தில் எந்த வழியாக வரும், சிறு கடைகளுக்குத் தரைத்தளத்தில் இடம் உண்டா என்று மக்கள் கேட்பதற்குப் பதில் சொல்லும் நிலையில் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

தேவைக்கு மேல் பார்க்கிங்

பேஸ்மென்ட் தோண்டுவது வணிகக் கட்டடத்தில் கான்கிரீட்டை அள்ளித் தின்னும் வேலைகளில் ஒன்று. நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே கட்ட வேண்டியிருந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் குறைந்தபட்ச பார்க்கிங் விதியையே எடுத்துவிட்டது. விதி கேட்காதபோதும் "வாடகைதாரர் கேட்பார்" என்று ஒரு பேஸ்மென்ட் கூட்டுவதற்கு முன், ரயிலும் பேருந்தும் எவ்வளவு அருகில் என்று பாருங்கள். வாகனம் நிறுத்தும் தளங்களைத் தரைக்கு மேல் அமைத்தால், சரிவில்லாத தட்டைத் தளமாகவும் போதிய உயரத்தோடும் அமையுங்கள். பின்னாளில் அலுவலகமாக மாற்ற அது உதவும்.

சாவி கொடுத்ததும் கைகழுவுவது

கட்டடம் திறந்த முதல் ஆண்டில்தான் கோடை, மழை, பனி எல்லாவற்றையும் அது முதன்முறையாகச் சந்திக்கிறது. சென்சார் தவறாக வேலை செய்வதும், ஒரே அறையில் ஏ.சி.யும் வெப்பமூட்டியும் ஒன்றையொன்று எதிர்த்து ஓடுவதும் அப்போதுதான் வெளிவரும். வடிவமைத்தவர்கள் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். பராமரிப்புக் குழுவோ கையில் தடித்த கோப்புகளோடு திண்டாடும். ஒப்படைத்த பிறகான 12 மாதங்களுக்கும் வடிவமைப்புக் குழு வந்து மீட்டர்களைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தளவாரியாகத் துணை மீட்டர் வையுங்கள். இதற்கான தொகையை முதல் பட்ஜெட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்கிவிட வேண்டும். கட்டுமானம் முடியும் தறுவாயில் கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.